நிலவு மண்ணை ஏற்காட்டில் வைக்கலாமா?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "சந்திரயான்-4 நிலவிலிருந்து மண் எடுத்து வரப்போகிறது. அதைப் பாதுகாக்கத் தனி ஆய்வகம், தனி ஏற்பாடு என்று பேசுகிறார்கள். பேங்க் லாக்கர் மாதிரி ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதாதா? தனி இடம்தான் வேண்டுமென்றால் நம் ஏற்காடு இருக்கிறதே. குளிர்ச்சி, புகை இல்லை, தூசி இல்லை. அங்கே வைத்தால் என்ன?"

நான் புவியியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாகப் பாறையை உடைப்பதும் அரைப்பதும் சீவுவதும்தான் பிழைப்பு. நிலவுக் கல்லைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு கல்லை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று நன்றாகத் தெரியும், நானே கெடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏற்காடு. தம்பி, நீங்கள் பலம் என்று நினைப்பதுதான் இந்த வேலைக்குப் பலவீனம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அந்தக் குளிர்ச்சி சும்மா வரவில்லை, மூடுபனியோடு வருகிறது. ஏரிக்கரையில் ஒரு வீட்டில் நாலு நாள் தங்கினால் தெரியும்: துவைத்த துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், உப்பு ஜாடியில் உப்பு நீர்த்துக் கிடக்கும். நிலவிலோ சிறுகோளிலோ கோடிக்கணக்கான வருடம் ஈரக்காற்றே படாமல் கிடந்த ஒரு துகளை அங்கே திறந்து வைப்பது, உப்பு ஜாடியை மூடாமல் வைப்பது மாதிரிதான்.

இது வெறும் உவமை இல்லை. 2023 செப்டம்பர் 24 அன்று பென்னு என்ற சிறுகோளிலிருந்து ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 121.6 கிராம் பொருளைக் கொண்டுவந்து அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. அதை ஆராய்ந்த முடிவுகள் 2025 ஜனவரியில் வெளிவந்தன. சோடியம் கார்பனேட் வகை உப்புகள், நம் சமையல் உப்பேகூட அதில் இருந்தன. எப்போதோ அந்தச் சிறுகோளின் தாய்க்கோளில் உப்புநீர் தேங்கி வற்றியபோது படிந்த உப்பு. இந்த மாதிரி உப்புகள் விண்கற்களில் ஏன் சரியாகத் தென்பட்டதில்லை? விண்கல் விழுந்ததுமே நம் காற்றின் ஈரம் அவற்றைக் கரைத்து உருமாற்றிவிடும். பென்னு மண் இறங்கிய நாளே நைட்ரஜன் வாயு பாய்ச்சி வைக்கப்பட்டதால்தான் அந்த உப்பு உப்பாகவே நம் கைக்கு வந்தது.

ஈரம் கல்லை என்ன செய்யும் என்பதற்கு ஏற்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. சேர்வராயன் மலையின் உடம்பு முழுக்க சார்னோக்கைட் என்ற கெட்டிக் கருங்கல். மேல்தலையில், கோயில் பக்கம் போனால், சிவந்து துளைதுளையாக, கையில் எடுத்தால் எடையே இல்லாத மாதிரி ஒரு கல் கிடக்கும். அது பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வெட்டிக்கொண்டு போனது அதைத்தான். அது வேறெங்கிருந்தோ வந்த கல் இல்லை. அதே சார்னோக்கைட்தான் மழையிலும் ஈரத்திலும் காலம்காலமாக ஊறி, சிலிக்காவையும் சுண்ணாம்புச் சத்தையும் இழந்து, அலுமினியமும் இரும்பும் மிஞ்சி அப்படி ஆகிவிட்டது. பெரிய காலக்கணக்கில் நடக்கும் சங்கதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலவுத் துகளின் மேற்பரப்பு தண்ணீரையே பார்க்காதது. முதல் ஈரம் பட்டதுமே அதன் வினை தொடங்கிவிடும். நிலவில் இறங்கியவர்கள் கூண்டுக்குள் திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது மண்ணிலிருந்து வெடிமருந்து வாசனை அடித்தது என்றார்கள், நம் ஊர்ப் பேச்சில் பட்டாசு வெடித்த வாசனை. பூமிக்கு வந்து சேர்ந்தபின் அந்த வாசனை இல்லை. அந்த மண்ணில் ஏதோ ஒன்று வழியிலேயே நம் காற்றோடும் ஈரத்தோடும் கலந்து தீர்ந்துவிட்டது.

இன்னொன்று. 1972-ல் அப்போலோ 16 கொண்டுவந்த கற்களில் 66095 என்ற எண்ணுள்ள கல்லில் துரு இருந்தது. துருவுக்கு ஈரம் வேண்டும். நிலவிலேயே துருப் பிடித்ததா, இல்லை வழியிலும் பெட்டியிலும் பட்ட நம் ஊர் ஈரத்தில் பிடித்ததா? இந்த ஒரு கேள்வி பல பத்தாண்டுகள் ஓடியது. நிலவிலேயே நடந்ததுதான் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் வாதாடுகின்றன. யார் சரி என்பது இருக்கட்டும். ஒரு கல்லின் துரு யாருடையது என்று தெரியாமல் போனால், நிலவில் நீர் உண்டா இல்லையா என்ற பெரிய வழக்கில் அந்தக் கல்லின் சாட்சி செல்லாது. இங்கே பாதுகாப்பு என்பதற்குப் பொருள் அதுதான், சாட்சியைக் கலைக்காமல் வைப்பது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் ஏற்காடு ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எடுத்த சார்னோக்கைட்டை அரைத்துச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவில் கோபால்ட் அளவு எக்கச்சக்கம். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. பிறகு ஆய்வகத்து அண்ணன் ஒருவர், "எதில் அரைத்தாய்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்திருந்தேன். அந்தக் கிண்ணத்தின் துகள்களை ஒட்டவைப்பதே கோபால்ட்தான். மலையிலிருந்து வந்ததாக நான் கொண்டாடியது கிண்ணத்திலிருந்து வந்தது. அப்புறம் அகேட் கல் கிண்ணத்தில் மறுபடி அரைத்தேன், கோபால்ட் காணாமல் போயிற்று. பாறையில் வெள்ளைப் பூச்சால் ஒரு பொட்டு வைத்து எண் எழுதுவது எங்களுக்கெல்லாம் வழக்கம். அந்த வெள்ளையில் இருப்பது டைட்டானியம் ஆக்சைடு. பெயர் வைக்கிற கையாலேயே கல்லில் டைட்டானியத்தைப் பூசுகிறோம். ஏற்காட்டுக் கல் என்றால் மறுபடி பஸ் ஏறிப் போய் இன்னொன்று எடுத்து வரலாம். நிலவுக் கல்லுக்கு அது முடியாது.

சரி, தெரிந்தவர்கள் எப்படி வைக்கிறார்கள்?

1969 முதல் 1972 வரை ஆறு அப்போலோ பயணங்கள் கொண்டுவந்தது 382 கிலோ. அதில் பெரும்பகுதி ஹூஸ்டனில், ஜான்சன் விண்வெளி மையத்தில் 1979-ல் இதற்கென்றே கட்டிய கட்டடத்தில் இருக்கிறது. கற்கள் எஃகுக் கூண்டுகளுக்குள், தூய நைட்ரஜனில். நைட்ரஜன் ஏன்? எளிதில் எதோடும் சேராத வாயு, விலையும் கட்டுப்படியாகும். கூண்டின் பக்கவாட்டில் பொருத்திய கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் வேலை. உள்ளே வாயு அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், எங்காவது சிறு ஓட்டை விழுந்தாலும் உள்ளிருப்பது வெளியே போகுமே தவிர வெளிக்காற்று உள்ளே வராது. அதனால் யாரும் வேலை செய்யாத நேரத்தில் அந்தக் கையுறைகள் வெளிப்பக்கமாக உப்பி, வரிசையாகக் கை நீட்டிக்கொண்டு நிற்கும். படத்தில் முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது.

கல்லைத் தொடலாம் என்று அனுமதி உள்ள பொருட்கள் கிட்டத்தட்ட மூன்றே மூன்று: துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம், டெஃப்லான். கத்தரி, இடுக்கி, தட்டு, பை எல்லாம் இவற்றில்தான். இந்த மூன்றும் கல்லை ஒன்றுமே செய்யாது என்பதல்ல விஷயம். இவற்றில் என்னென்ன தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். நாளைக்கு ஒரு கல்லில் குரோமியம் கூடுதலாகத் தெரிந்தால் எஃகைச் சந்தேகப்படலாம். ஐம்பது பொருள் தொட்டிருந்தால் யாரைச் சந்தேகப்படுவது? கல்லை அறுப்பதுகூட தண்ணீர் ஊற்றாமல், உலர்வாக, மெதுவாக. நம் ஊர் கிரானைட் பட்டறையில் தண்ணீர் இல்லாமல் ரம்பத்தை ஓடவிட்டால் முதலாளி அடிக்க வருவார். அங்கே தண்ணீர் சொட்டினால் வேலை போகும்.

இப்போது சேலத்துக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும் ஒரு பகுதி. என் மாமா ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்தார். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், முடிந்த கொலுசை எடை போட்டு வாங்குவார். நடுவில் குறைந்தது சேதாரம், அதற்கும் நோட்டில் ஒரு கோடு உண்டு. சாயங்காலம் பட்டறையைக் கூட்டிய மண்ணை யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள். டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் உருக்கக் கொடுப்பார்கள். அதிலும் வெள்ளி வரும். மேலோகத்து மண்ணைக் காப்பவர்கள் செய்வது அச்சு அசலாக இந்தப் பட்டறைக் கணக்குதான்.

அப்போலோ கற்கள் வந்து இறங்கியபோது 2,196 மாதிரிகள். ஆய்வுக்கு வெட்டி வெட்டி இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு, அதன் தாய்க்கல்லின் எண்ணும் கூடவே வரும். 15415 என்றால் அப்போலோ 15 கொண்டுவந்த 269 கிராம் வெள்ளைக் கல். அதிலிருந்து உடைத்தது எதுவானாலும் 15415, பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு துண்டின் எண். எந்த நாளில், எந்தக் கூண்டில், எந்தக் கருவியால், எவ்வளவு எடை, யாருக்குப் போனது, எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு தூளாகப் போனது, எல்லாம் எழுத்தில். கடன் வாங்கிய விஞ்ஞானி சோதனை முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும். மாமாவின் நோட்டு அட்டை கிழிந்த நோட்டு, அவர்களுடையது கம்ப்யூட்டர். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நிலவுக் கல் என்று வைத்திருந்த ஒன்றை 2009-ல் சோதித்துப் பார்த்தால், அது கல்லாகிப் போன மரம். முன்னாள் பிரதமர் ஒருவரிடமிருந்து வந்த பொருள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம்மவர் யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார், திருவக்கரையில் வயல்வெளியில் கிடக்கிற சரக்கு அது.

திருட்டும் நடந்ததுதான், லாக்கர் கேள்வியை நான் முழுசாகத் தள்ளவில்லை. 2002-ல் ஹூஸ்டன் மையத்திலேயே பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் ஒரு விஞ்ஞானியின் அறையிலிருந்து பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் நிலவு மாதிரிகள் சுமார் 101 கிராம், விண்கல் துண்டுகளும் இருந்தன. விற்க முயன்றபோது பிடிபட்டார்கள். மாதிரிகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் எங்கே இருந்தது, எது பட்டது, யார் கை பட்டது என்று சொல்ல முடியாத கல் ஆராய்ச்சிக்குப் பாதிக் கல்தான். அதே பெட்டகத்திலிருந்த அந்த விஞ்ஞானியின் பல வருடக் குறிப்பேடுகள் போனது போனதுதான். கல்லைவிட நோட்டு போனதுதான் பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத திருடர்கள். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

2006 ஜனவரியில் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வில்ட்-2 என்ற வால்நட்சத்திரத்தின் தூசியைப் பிடித்துக்கொண்டு வந்தது. பிடித்தது ஏரோஜெல் என்ற, புகையைக் கெட்டியாக்கியது போன்ற ஒரு பொருளில். அதில் கிளைசின் என்ற அமினோ அமிலம் தெரிந்தது. உயிருக்கு அடிப்படையான சரக்கு, வால்நட்சத்திரத்தில்! ஆனால் உடனே மேளம் கொட்டவில்லை. கூடவே நைலானிலிருந்து வரும் ஓர் அமிலமும் தெரிந்தது. மாதிரிகளைக் கையாண்ட இடத்தில் நைலான் பை புழங்கியிருந்தது. அப்படியானால் கிளைசினும் பூமிச் சரக்காக இருக்கலாமே? அதில் உள்ள கார்பனின் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் வகைகளின் விகிதத்தை அளந்து, இது பூமிக் கார்பன் இல்லை என்று உறுதிசெய்து அறிவிக்க 2009 ஆகிவிட்டது. ஒரு பையால் வந்த தாமதம். நாம் ஜவுளிக்கடையில் சும்மா வாங்கிவரும் பை மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டுதான் ஒசைரிஸ்-ரெக்ஸ் ஆட்கள் விண்கலம் கட்டும் நாளிலிருந்தே நைலானையும் அமினோ அமிலங்களையும் கண்காணித்தார்கள். விண்கலம் கட்டிய அறையில் சாட்சித் தகடுகள் வைத்தார்கள். தகடு ஒன்றும் செய்யாது, சும்மா கிடக்கும். அறையில் மிதக்கும் எது படிந்தாலும் அதன் மேலும் படியும். பிறகு மாதிரியில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் தகட்டை எடுத்துப் பார்க்கலாம். அழுக்கே இல்லாமல் வைக்க யாராலும் முடியாது. எந்த அழுக்கு, எவ்வளவு என்று தெரிந்துவைப்பது முடியும். பென்னுவில் 14 அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று 2025-ல் அவர்களால் தைரியமாகச் சொல்ல முடிந்ததற்கு அந்தச் சும்மா கிடந்த தகடுகளும் ஒரு காரணம்.

அதே பென்னு மண்ணில் ஒரு திருகாணிக் கதையும் உண்டு. மாதிரி இருந்த தலைப்பகுதியை மூடிய 35 திருகாணிகளில் இரண்டு கழலவில்லை. நம் ஊர் மெக்கானிக்காக இருந்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு தட்டு தட்டிக் கழற்றியிருப்பார். அங்கே எண்ணெய் விடக்கூடாது, பழக்கமில்லாத உலோகம் உள்ளே போகக்கூடாது, கூண்டும் சின்னது. மாதக்கணக்கில் அப்படியே வைத்துவிட்டுப் புதிதாகக் கருவி செய்து, ஒத்திகை பார்த்து, 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள். உலகமே எப்போது திறப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது காத்திருந்தார்களே, அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கடைசிப் படியில் வழுக்கும். ஜப்பானின் ஹயபுசா-2, ரியூகு சிறுகோளிலிருந்து 2020 டிசம்பரில் 5.4 கிராம் கொண்டுவந்தது. சகாமிஹாராவில் அதை வெற்றிடத்திலும் நைட்ரஜனிலும் வைத்துப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் அளவு துகள் லண்டனுக்குப் போனது. அங்கே பிசினில் பதித்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மேலே இழை இழையாக ஏதோ இருக்கிறது. சில வாரம் கழித்துப் பார்த்தால் இழைகள் பெருகியிருக்கின்றன, இன்னும் கழித்துப் பார்த்தால் குறைந்திருக்கின்றன. இப்படிப் பெருகிக் குறைந்தால் உயிருள்ளது என்றுதான் சந்தேகம் வரும். வேற்றுலக உயிரா? இல்லை, நம் ஊர் பாக்டீரியாதான், கொஞ்ச நேரம் காற்றில் திறந்திருந்தபோது குடியேறிவிட்டது. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் 2024-ல் எழுதி வெளியிட்டார்கள். மாவு புளிக்கிற வீட்டில் வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமே இல்லை, கூப்பிடாமலே வந்து உட்காருகிற கூட்டம் அது.

ஜெனிசிஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூரியக்காற்றை, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களைப் பிடித்துவந்த கலம் 2004 செப்டம்பரில் பாராசூட் விரியாமல் யூட்டா தரையில் மோதியது. வேகம் குறைவதை உணரும் சிறு கருவியைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். பிடிப்பான் தகடுகள் சுக்குநூறு. ஆனாலும் ஒவ்வொரு வரிசைத் தகட்டையும் வெவ்வேறு தடிமனில் செய்துவைத்திருந்ததால், சேற்றிலிருந்து பொறுக்கிய சில்லின் தடிமனை அளந்தே அது எந்த வரிசை என்று கண்டுபிடித்தார்கள். போன பயணம் திரும்பிப் பிழைத்தது அப்படித்தான்.

இதுவரை சொன்னது மாதிரியை நம்மிடமிருந்து காப்பது. மாதிரியிடமிருந்து நம்மைக் காப்பது வேறு. அப்போலோ காலத்தில் நிலவுக் கிருமி வந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் உட்பட மூவரையும் 21 நாள் கணக்கு வைத்துத் தனிமையில் அடைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, கடலில் மிதந்த கலத்தின் கதவைத் திறந்தாயிற்று. கிருமி இருந்திருந்தால் அப்போதே கடலில் இறங்கியிருக்கும். ஆய்வகத்தில் ஒரு கையுறை கிழிந்து, வேலை செய்தவர்களும் தனிமைக்குப் போனார்கள். அப்போலோ 14-க்குப் பிறகு, நிலவில் உயிரில்லை என்று தெளிவாகி, தனிமையை விட்டுவிட்டார்கள். ஆகவே சந்திரயான்-4 மண்ணைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்.

செவ்வாய் மண் அப்படி இல்லை. அங்கே உயிர் இல்லவே இல்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 1967-ன் விண்வெளி ஒப்பந்தமே வேற்றுலகப் பொருளால் பூமிக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. இங்கேதான் பொறியாளர்களுக்குத் தலைவலி. ஆபரேஷன் தியேட்டரில் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளும், வெளிக்கிருமி நோயாளியிடம் வரக்கூடாது. தொற்றுநோய் வார்டில் காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கும், நோயாளியின் கிருமி வெளியே போகக்கூடாது. செவ்வாய் மண்ணுக்கு இரண்டும் ஒரே அறையில் வேண்டும். இரட்டைச் சுவர் கூண்டு, நடுவில் தனி அழுத்தத்தில் ஓர் இடைவெளி என்று வழி யோசித்துவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி குழாய்களில் அடைத்த கல்லும் மண்ணும் செவ்வாயிலேயே காத்துக்கிடக்கின்றன, பத்துக் குழாய்கள் செவ்வாய்த் தரையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. கொண்டுவர ஆகும் செலவைப் பார்த்து அமெரிக்காவே மலைத்து நிற்கிறது.

"இவ்வளவு செலவு எதற்கு?" என்ற கேள்விக்கு வருகிறேன். அப்போலோ 17 ஆட்கள் 1972 டிசம்பரில் நிலவிலேயே வெற்றிடத்தில் அடைத்த 73001 என்ற குழாயை 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஐம்பது வருடம் தொடாமல் வைத்திருந்தார்கள், மறந்துபோய் இல்லை, வேண்டுமென்றே. 1972-ல் இல்லாத கருவிகள் 2022-ல் இருந்தன. திறந்தவர்களில் பலர் அந்தப் பயணம் நடந்தபோது பிறக்கவே இல்லை. பென்னு மண்ணிலும் குறைந்தது 70 சதவீதத்தைப் பின்னால் வருபவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ஒரே இடத்தில் வைப்பதும் இல்லை. அப்போலோ கற்களில் ஒரு பங்கு நியூ மெக்சிகோவில் தனியாக இருக்கிறது. சீனா சாங்'இ-5 வழியாக 2020-ல் கொண்டுவந்த 1,731 கிராமில் ஒரு பங்கு பெய்ஜிங்குக்கு வெளியே, ஹூனான் மாகாணத்தில் இருக்கிறது. விதைநெல்லை இரண்டு குதிரில் வைக்கிற புத்தி.

சந்திரயான்-4க்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 2,104 கோடி ரூபாய் ஒதுக்கியது. நமக்கு இது முழுக்கப் புதிது என்றும் சொல்லமுடியாது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் 1970-களிலேயே அப்போலோ மண்ணை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆனால் கடன் வாங்கி ஆராய்வது வேறு, நாமே களஞ்சியக்காரராக இருப்பது வேறு. கட்டடத்தை ஒப்பந்தக்காரர் கட்டித் தருவார். நோட்டு எழுதுகிற பழக்கத்தை யாரும் கட்டித் தர முடியாது. என் கவலை அதில்தான். எத்தனையோ இடங்களில் பாறைச் சேகரிப்பைப் பார்த்திருக்கிறேன், சீட்டைப் பூச்சி தின்றிருக்கும், டப்பாவில் எண் இருக்கும், பதிவேடு இருக்காது.

பழகிப் பார்க்க நம் பக்கத்திலேயே சரக்கு இருக்கிறது. நான் மேலே சொன்ன 15415, அனார்த்தோசைட் என்ற வகை. நிலவில் வெள்ளையாகத் தெரிகிற மேட்டுப் பகுதியெல்லாம் பெரும்பாலும் அதுதான். பூமியில் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. எங்கள் தலைமுறைக்கு அதுவும் சேலம் ஜில்லாதான், 1997-ல்தான் பிரிந்தது. சந்திரயான்-2 ஊர்தியையும் தரையிறங்கு கலத்தையும் சோதிக்க இஸ்ரோ டன் கணக்கில் அந்தக் கல்லை எடுத்துப் பொடித்துச் செயற்கை நிலவு மண் செய்தது. அந்த வேலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தவருக்கும் பங்கு உண்டு. செய்முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. அது அசல் நிலவு மண் ஆகிவிடாது, விண்கல் மழையும் சூரியக்காற்றும் படாத மண் அது. ஆனால் கூண்டுக்குள் கை விட்டு அள்ளவும், எடை போடவும், சேதாரம் எழுதவும் பழக அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆக, ஏற்காட்டில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் வைக்கலாம். கூண்டுக்குள் நைட்ரஜன் இருக்கும்வரை வெளியே மூடுபனியா புழுதியா என்பது மண்ணுக்குத் தெரியாது. ஏற்காட்டில் வைத்தால் ஈரத்தை வடிகட்டவே கரண்ட் பில் எகிறும், மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடவேண்டும், திரவ நைட்ரஜன் லாரி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். நான் என்றால் கீழேயே வைப்பேன்.

தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வசதிப்பட்டால் சொல்லுங்கள். சித்தம்பூண்டிக்குக் கூட்டிப்போகிறேன். ஒரே கல்லை இரண்டாக உடைத்து, ஒன்றை வெறுங்கையால் எடுத்து, இன்னொன்றைத் தொடாமல் எடுத்து, இரண்டையும் அரைத்துச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்போம். கையுறை நீங்களே கொண்டுவாருங்கள். மெடிக்கலில் கேட்கும்போது பவுடர் போடாதது என்று கேட்டு வாங்குங்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், தங்கமும் எண்ணில் வந்து நிற்கும்.